கணக்குத் தப்பாத ஹியூபேட்

"ஆண்டவர் தந்த இயற்கை முறை இருக்கும்போது கடையில விக்கிற ரப்பர் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு ஹியூபேட் அவசரமாக மேசைக்குப் பின்னால் ஒதுங்கினார். அரித்த இடம் சபையில் சொறியக்கூடிய இடமல்ல.

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம் கட்டப்போகும் சோடிகளுக்கு வகுப்பெடுப்பவர் அவர்தான். நாள் பார்த்துக் குடும்பம் நடத்தினால் போதும் என்பது பாடம். தானும் மனைவி டோரினும் இரண்டு பிள்ளைகளோடு நின்றுகொண்டது அத்தாட்சி. அலுமாரியின் மேல்தட்டில் வருடக்கணக்காக ஒளிந்திருக்கும் ஆணுறைப் பெட்டியைப் பற்றி அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். அவரிடம் படித்த ஒரு சோடிக்கும் கணக்குத் தப்பவில்லை என்று வருகிற திருவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள். இந்த நேரம் பார்த்தா அரிக்கவேண்டும்!

வகுப்பின் கடைசி அரை மணிக்கு வழக்கம்போலப் பெண்களை டோரின் தனியே கூட்டிப்போனதும், ஹியூபேட் கழிவறைக்குள் ஓடி முகப்பவுடரைக் கொட்டினார். அரிப்பு எரிவாக மாறியது. வீட்டில் தலையிடித் தைலம் பூசினார். "யேசுவே!" என்று அவர் போட்ட சத்தத்தில், செபக்கூட்டம் தொடங்கிவிட்டதென்று மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

மறுநாள் கால்களை அகட்டி நடந்தார். முழந்தாளில் நின்று செபித்த வருத்தம் என்று கோவில் சனம் இன்னும் மரியாதை கொடுத்தது.

கடைசியில், தெரிந்தவர் கண்படாத தூரத்தில் ஒரு டொக்டரைப் பிடித்தார்.

"ரப்பர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளேல்ல போல. டெஸ்ட் பண்ணிப் பாப்பம். அதுவரைக்கும் அதை விடுங்க. பவுடர், தைலம் ஒண்டும் வேணாம், இந்தக் கிறீம் காணும். ரப்பர் இல்லாத வகையும் கடையில இருக்குது" என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் டோரின் சிரித்தாள். "அப்ப நீங்க படிப்பிக்கிறதையே செய்வமே. நாள் பாப்பம்."

ஹியூபேட் நடுங்கிப்போனார். "உனக்கென்ன விசரா? அதை நம்பி இருக்கேலுமா?"

"பிறகு?"

"வெள்ளவத்தைக்குப் போய் அந்த மற்ற வகையை வாங்கிவாறன். அங்க எங்கட கோவில் ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டாங்க."

டோரினின் சிரிப்பு நின்றது. "வெள்ளவத்தை வேணாம். தெஹிவளைக்குப் போங்களேன்."

"ஏன்?"

"சும்மாதான்... வெள்ளவத்தையில சனம் கூட."

மனைவி சொல் கேட்கிற பழக்கம் ஹியூபேட்டுக்குக் கிடையாது. அன்று பின்னேரமே காலி வீதி மருந்துக்கடையொன்றில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். தமிழன் என்று தெரியக்கூடாதென்று சிங்களத்தில் கிசுகிசுத்தார்.

கடைக்காரர் சுந்தரலிங்கம் கடை முழுக்கக் கேட்கத் தமிழில் பதில் சொன்னார். "ரப்பர் ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்குரியதோ, ஐயா? பெரிய பெட்டியோ, சின்னனோ?"

பக்கத்தில் நின்ற இளைஞன் திரும்பினான். வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் றமேஷ்.

"சேர்!"

"இருமல் மருந்து வாங்க வந்தனான்" என்றார் ஹியூபேட்.

"நானும் இருமலுக்குத்தான், சேர்."

றமேஷின் கையிலும் ஒரு பெட்டி இருந்தது. அதைக் கண்டதும் ஹியூபேட்டுக்குத் தன் பெட்டி மறந்துபோயிற்று. அவருக்குள் இருந்த வாத்தியார் மட்டும் நிமிர்ந்தார். உண்மையிலேயே நெஞ்சு நொந்தது.

"தொண்டை கிழியப் படிப்பிச்சனே! அதையெல்லாம் காத்தில விட்டுட்டு இந்தக் கடைக்கு வாறதா? உனக்கு இந்தப் புத்தியச் சொன்னது யார்?"

றமேஷ் தன் பெட்டியைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

சுந்தரலிங்கம் ஹியூபேட்டின் பெட்டியைக் கடுதாசியில் சுற்றியபடி சமாதானம் சொன்னார்: "தம்பியை ஏசாதேங்கோ, ஐயா. கொட்டாஞ்சேனைக் கல்யாண வகுப்புச் சோடியள் முழுப்பேரும் இங்கதான் வாறவை. டோரின் மிஸ் அனுப்பினவ எண்டு சொன்னால் உங்களுக்கும் விலை குறைப்பன்."