பன்னிரண்டு பூஜ்யங்கள்

பன்னிரண்டு தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஆய்வுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தனையிலும் பூஜ்யம்.

எந்த நாட்டு மக்கள் கோபத்தை எத்தனை நாள் மனதில் போட்டு உருட்டுகிறார்கள் என்று அளக்கும் ஆராய்ச்சி அது. ஏழு நாடுகள், ஒரே கேள்வித்தாள். இந்த ஊர் அவர் பொறுப்பு. இருப்பதிலேயே சூடான இடமாகப் பார்த்துத்தான், பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இந்தச் சலவை நிலையத்தைப் பிடித்திருந்தார். நாள் முழுக்க ஆவியில் வேகிறவர்களுக்கா கோபம் இருக்காது?

"'பழைய கோபத்தை நினைச்சு நினைச்சுப் பொருமுவேன்.' இதுக்குக்கூடவா பூஜ்யம்?"

"கோபம் வந்தா அப்பவே கத்திடுவோம் சார். அதோட போச்சு," என்றார் இஸ்திரிக்காரர்.

"பொய்! பன்னெண்டு பேரும் பொய் சொல்றீங்க! உங்களை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

தாள்களை மேசையில் அறைந்துவிட்டுக் கிளம்பியவர், வீடு போய்ச் சேருவதற்குள் அதை மறந்தும் போனார்.

ஒரு வாரம் கழித்துக் குழைந்துகொண்டே வந்தார். "இன்னமும் கோபமே இல்லையாண்ணே?"

இஸ்திரிக்காரர் தலை நிமிரவில்லை. "கோபமெல்லாம் இல்ல சார். சும்மா ஒரு வருத்தம்."

ஆய்வுக்காரருக்குப் பொறி தட்டியது. வார்த்தையில்தான் கோளாறு! கோபம் என்றால் எவன் ஒப்புக்கொள்வான்? அங்கேயே உட்கார்ந்து இருபது கேள்விகளிலும் 'கோப'த்தை அடித்துவிட்டு 'வருத்தம்' என்று எழுதினார்.

பன்னிரண்டு பேரும் முழு மதிப்பெண்! பழைய தாள்களோடு சேர்த்து உடனே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அன்று மாலையே ஆராய்ச்சித் தலைவி தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "ஒரே வாரத்துல பூஜ்யம் முழுசாயிடுச்சா? ஒண்ணு கேள்வித்தாள் தப்பு, இல்ல நீங்களே நிரப்பியிருக்கீங்க. நாளைக்குள்ள காரணம் வரலைன்னா உங்க ஊரை ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடுவேன். உங்களையும்தான்."

விடிந்தும் விடியாததுமாகச் சலவை நிலையத்துக்கு ஓடினார்.

"எதை நினைச்சுண்ணே பொருமுறீங்க?"

இஸ்திரிக்காரர் புஸ்ஸென்று ஆவியைத் திறந்துவிட்டு அதற்குள் மறைந்துகொண்டார்.

"விடுங்க சார், நீங்க பெரிய மனுஷன்," என்றார் ரசீது போடுகிறவர்.

கறை எடுப்பவர், கறையே இல்லாத ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார்.

மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்காவின் எதிரே ஸ்டூலில் சரிந்தார் ஆய்வுக்காரர். "நீங்களாவது சொல்லுங்கக்கா. என் பிழைப்பே இதுல இருக்கு. பன்னெண்டு பேருக்கும் ஒண்ணா அப்படி என்ன வருத்தம்?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"போன வாரம் எங்களைப் பொய் சொல்றோம்னு கத்துனீங்களே, அதுதான் சார். அதுக்கு முன்னாடி எதையும் மனசுல வச்சுப் பொருமுற பழக்கமே எங்களுக்குக் கிடையாது."