மச்சான் அனுப்பிய தூண்டிலும் களியோடைக் கொடுவாவும்

கல்முனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் றம்ஸீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும், என் மனைவியான தங்கள் ராத்தா ஸுல்பிகாவும், மகள் றிஸ்லாவும், புது மருமகன் பர்ஸானும் சுகமாக இருக்கிறோம். அவுஸ்திரேலியாவில் தாங்களும் மச்சியும் பிள்ளைகளும் அவ்வாறே சுகமாக இருக்க ஐந்து நேரத் தொழுகையிலும் துஆச் செய்கிறேன். இங்கே ஓரளவு மழை பெய்தது. தாங்கள் அன்போடு அனுப்பிய தூண்டில் பெட்டி உடையாமல், நனையாமல், ஒரு சாமானும் குறையாமல் வந்து சேர்ந்தது. பிரச்சினையே அதுதான்.

இந்தக் காலத்தில் இவர் ஏன் தாளில் எழுதுகிறார் என்று தாங்கள் யோசிக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் அதை மச்சி கேட்பார், மச்சி கேட்டால் குடும்பக் குறூப்பில் போடுவார், குறூப்பில் போட்டால் உங்கள் ராத்தா அதைச் சம்மாந்துறைச் சம்பந்தி வீடு வரைக்கும் கேட்கும்படி சத்தமாகப் போடுவாள். ஆகவே இதை அடுத்த கிழமை உங்கள் பக்கம் பயணம் வருகிற பிள்ளையின் கையில் உறையை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். வாசித்ததும் கிழித்துவிடவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மரியாதை இதோடு போதும். அடேய் றம்ஸீன், கலியாணப் பேச்சு நடந்த அன்று போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு நீ என்ன சொன்னாய்? மாப்பிள்ளையின் வாப்பா மீராசாஹிபு, "பொண்ணுட வாப்பா இப்ப பென்சனில சும்மாவா இரிக்கார்?" என்று ஒரு மரியாதைக்குத்தான் கேட்டார். "ஓம் காக்கா, சும்மாதான் இரிக்கார்" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நீ சொன்னாய், "எங்கட மச்சானா? கொடுவா புடிக்கிறதுல அவருக்கு மேல இந்தப் பக்கத்துல ஆளில்ல. களியோடையில தூண்டிலப் போட்டாரெண்டா கொடுவா வரிசையில வந்து நிக்கும்!" சம்மாந்துறையில் இருந்து வந்த அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கல்முனை பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். என் ஆயுளில் நான் பிடித்த மீனெல்லாம் சந்தையில் ஐஸின் மேல் கிடந்தவைதான். அந்த இடத்தில் மறுத்தால் மூத்த மச்சினன் பொய்யன் என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதற்கு இப்போது அனுபவிக்கிறேன்.

சரி, அது கலியாணத்தோடு போயிருக்கும் என்றால் போகவில்லை. நம்ம வழக்கப்படி மருமகன் நம்ம வீட்டில்தான் இருக்கிறார். தங்கமான பிள்ளை, சத்தம் சலார் இல்லை. ஆனால் கதிரையில் உட்கார்ந்தால் விளிம்பில்தான் உட்காருவார், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி. உன் ராத்தா விழுந்து விழுந்து சமைக்கிறாள், பிள்ளை கொறித்துவிட்டு எழும்புகிறார். வெள்ளிக்கிழமை வந்தால் உம்மாவைப் பார்க்கவென்று சம்மாந்துறைக்குப் போய்விடுகிறார். என்னோடு அவர் கதைத்தது எல்லாம் "ஓம் மாமா", "இல்ல மாமா" இரண்டும்தான். நானும் கதைக்கவில்லை என்பது உண்மை. டிப்போவில் சாரதிமாரோடு கத்திக் கத்தி எனக்கு மெதுவாகக் கதைக்கிற பழக்கமே விட்டுப்போய்விட்டது. புது மருமகனோடு கத்தலாமா? ஆகவே பேசாமல் இருந்தேன். போன கிழமை றிஸ்லா குசினிக்குள் வந்து அழுகிற குரலில் சொல்லுகிறாள், "வாப்பா, அவர் சம்மாந்துறையில வாடகைக்கு வீடு பாக்குறார். மாமாக்கு நான் இஞ்ச இரிக்கிறது புடிக்கல்ல போல எண்டு சொல்றார். ஒண்டு மட்டும் கேட்டார், மாமா எப்ப என்னை மீன்புடிக்கக் கூட்டிப் போவார் எண்டு." ஒரே மகள், றம்ஸீன். அவளுக்கென்று கட்டின வீட்டைப் பூட்டிப்போட்டு அவள் வாடகை வீட்டில் இருப்பதா? "வாற சனிக்கிழமை கூட்டிப் போறேனெண்டு சொல்லு மகள்" என்று சொல்லிவிட்டேன். உன் ராத்தா அதைக் கேட்டதும் நிற்கவில்லை, அதே சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வந்து கொடுவா சாப்பிடும்படி மீராசாஹிபுக்கும் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து உன் பெட்டியோடு போராடுகிறேன். இரண்டு கோல் அனுப்பியிருக்கிறாய், ஒன்று நீளமும் நெகிழ்வும், மற்றது கட்டையும் விறைப்பும். எந்த நேரத்தில் எதை எடுப்பது என்று நீ அனுப்பின குரலைக் கேட்டேன், பாதி ஆங்கிலம், மீதி உன் நாய் குரைத்தது. நீளமானதுதான் தூரம் போகும் என்று அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்று எறிந்து பழகினேன். நீ சொன்னபடி மணிக்கட்டால்தான் எறிந்தேன். இரைக்குப் பதிலாக நுனியில் கட்ட நீ அனுப்பின அந்தப் பிளாஸ்டிக் மீன் முன்னால் போகவில்லை, பின்னால் போய் வேலியைத் தாண்டி அடுத்த வீட்டு ஹாஜறா காயப்போட்டிருந்த பெருநாள் சாரியைக் கொளுவிக்கொண்டு வந்தது. நான் என்னவோ கனமாக மாட்டிவிட்டது என்று சுற்றிக்கொண்டே இருக்கிறேன், அந்தப் பெண் சாரியின் மறுதலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்வே, உங்கட மனிசனுக்கு என்ன நடந்த ஸுல்பிகா ராத்தா!" என்று கத்துகிறாள். அதற்குப் பிறகு கட்டைக் கோலுக்கு மாறினேன். மரமும் வேரும் அடர்ந்த ஆற்றங்கரைக்குக் கட்டைக் கோல்தான் சரி என்று இப்போது எனக்குத் தெரியும், நீ நாயைக் கட்டிவிட்டுச் சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அடுத்தது நூல். சட்டை தைக்கிற நூல் மாதிரி ஒன்றை அனுப்பி இருபது இறாத்தல் மீனைத் தாங்கும் என்கிறாய். உன் ராத்தா நம்பவில்லை. வாளியில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு இழுத்துப் பார்த்தாள். வாளியின் பிடி கழன்று வாளி உள்ளே போய்விட்டது, நூல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து எனக்கு நூலின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வந்ததால், நுனியில் ஒரு பாக நீளத்துக்குத் தடித்த நைலோன் தங்கூசி முடிந்துவிடு என்று நீ சொன்னதைக் கணக்கில் எடுக்கவில்லை. அதன் பலனைக் கீழே எழுதுகிறேன்.

இரைக்கு என்ன போடுவது என்பதற்கு டிப்போவில் என்னோடு கொண்டக்டராக இருந்த பெரியநீலாவணைக் கனகரெத்தினத்திடம் போனேன். கடற்கரையில் பிறந்தவன் அல்லவா, தெரியும் என்று நினைத்தேன். "உசிரோட இறால் கொளுவுங்க டைம்கீப்பர், கொடுவா பாஞ்சி வரும்" என்றான். உயிரோடு ஒன்றைக் கொளுக்கியில் குத்துவது மனசுக்கு ஒரு மாதிரியாக இருந்ததால் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். உயிருள்ளதை வதைப்பது நல்லதல்ல, செத்த இறால் போடுங்கள் என்றார். கனகரெத்தினத்தோடு ஆற்றுக்குப் போய்ச் செத்த இறால் போட்டேன். களியோடையில் இருக்கிற நண்டும் கெளுத்தியும் அத்தனையும் வந்து விருந்து சாப்பிட்டுப் போயின, கொடுவா எட்டியும் பார்க்கவில்லை. ஆகக் கடைசியில் உன் பிளாஸ்டிக் மீனே கதி என்று ஆனது. வெள்ளி நிறமா, சிவப்புத் தலையா என்று எனக்கும் கனகரெத்தினத்துக்கும் பெரிய வாக்குவாதம், கரையில் நின்ற ஆட்கள் நாங்கள் காணிச் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்து விலக்குப் பிடிக்க வந்தார்கள்.

எறிந்தேன், சுற்றினேன், எறிந்தேன், சுற்றினேன், ஒன்றும் இல்லை. கனகரெத்தினம் சொல்லுகிறான், "டைம்கீப்பர், இதென்ன கொழும்பு எக்ஸ்பிறஸா? ஒரே ஓட்டமா ஓட்டுறீங்களே. இடையில நிப்பாட்டுங்க, மீனும் ஏறத்தானே வேணும்." அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல கதை அதுதான். இழுத்தேன், நிறுத்தினேன், பிளாஸ்டிக் மீன் கொஞ்சம் அமிழ்ந்தது, திரும்ப இழுத்தேன். ஆறும் கடலும் சேருகிற இடத்தில் தண்ணீர் வற்றத் தொடங்கின நேரம், வேரடியில் இருந்து டமார் என்று ஒரு அடி! கொடுவா, றம்ஸீன்! வெள்ளிப் பாளம் மாதிரி தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. றீலில் ஒரு திருகு இருக்கிறதே, மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கிற திருகு, அதை நான் பிறேக் என்றுதான் விளங்கியிருந்தேன். பிறேக் தளர்ந்த வண்டியை நான் ஒருநாளும் டிப்போ வாசலைத் தாண்டவிட்டதில்லை. ஆகவே காலையிலேயே அதைக் குறட்டால் பிடித்து இறுக்கி வைத்திருந்தேன். நூல் ஓர் அங்குலமும் போகவில்லை, மீன் திரும்பி ஒரு வெட்டு வெட்டியது, நூல் அறுந்தது, அவ்வளவுதான். கொடுவாவின் செவிளில் கத்தி இருக்கிறதாம், அதற்குத்தான் நுனியில் தடித்த தங்கூசியாம், இதையெல்லாம் கரையில் நின்ற அத்தனை பேரும் அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். நான் மணலில் குந்திவிட்டேன். கனகரெத்தினம் மட்டும், "நல்ல பிறேக்" என்றான்.

உன் ராத்தா இப்போது ஒரு வழி சொல்லுகிறாள். "ஒலுவில் துறைமுகத்துல நல்ல கொடுவா இரிக்கும். விடியவே போய் ஒண்டை வாங்கிட்டு வாங்க, ஆருக்குத் தெரியப் போகுது?" முடியாது என்று சொல்லிவிட்டேன். பொய்யில் தொடங்கினது நீ, அதை நான் தொடர மாட்டேன். நாளைக் காலை மருமகனோடு களியோடைக்குப் போகிறேன். கட்டைக் கோல், வெள்ளி மீன், நுனியில் தங்கூசி, திருகு தளர்வு, இழு, நிறுத்து, இழு. சூரியன் உச்சிக்கு வரட்டும், மழை அடிக்கட்டும், முதலை வரட்டும், கொடுவா இல்லாமல் கரையேற மாட்டேன். அந்தப் பிள்ளை என் வீட்டில் தங்க வேண்டும், நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ செய்ய வேண்டியது, மீராசாஹிபுக்குப் போன் எடுத்து, அன்று நீ சொன்னது பச்சைப் பொய் என்று உன் வாயாலேயே ஒப்புக்கொள்வது. பெட்டியை அடுத்த பயணக்காரரோடு திருப்பி அனுப்புவேன். இனி எனக்கு ஒரு கொளுக்கிகூட அனுப்பக்கூடாது.

தங்களுக்கும் மச்சிக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், சம்பாத்தியத்தில் பறக்கத்தையும், நாவில் அடக்கத்தையும் தருவானாக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நாய்க்கு மட்டும் சலாம் இல்லை.

வஸ்ஸலாம்.
இப்படிக்கு, தங்கள் மீது மாறாத அன்பும் தீராத கோபமும் உள்ள
சீனிமுகம்மது

பி.கு: சனிக்கிழமை பின்னேரம் எழுதுவது. உறையை ஒட்டவில்லை, நல்லதாய்ப் போயிற்று. காலையில் போனோம். மருமகன் தண்ணீருக்குக் கிட்டவே வரவில்லை, தாழங்காட்டடியில் நின்றுகொண்டு பரீட்சைக்குப் பாடமாக்கின பிள்ளை மாதிரி, "மாமா, இது எவ்வளவு ஆழத்துல நீந்தும்? மாமா, தண்ணி பெருக்குலயா வத்துலயா நல்லம்?" என்று கேட்கிறார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. "மருமகன், எனக்கு மீன்புடிக்கத் தெரியா" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை என்னைப் பார்த்தார், பிறகு சொன்னார், "எனக்குத் தண்ணியெண்டாப் பயம் மாமா. மீனும் ஒத்துக்கொள்ளா, திண்டா உடம்பெல்லாம் தடிக்கும். றம்ஸீன் மாமாதான் சொன்னார், உங்களுக்கு மீன்புடிதான் உசிராம், அதைக் கேட்டாத்தான் உங்களோட கதைக்கலாமெண்டு. அதுதான் நானும் வீடியோ பாத்துப் பாத்துப் படிச்சேன்." உன் ராத்தா மூன்று நேரமும் மீனாகவே சமைத்துப் போட்டிருக்கிறாள், பிள்ளையும் மரியாதைக்காகச் சொல்லாமல் பட்டினி கிடந்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது, அந்த நேரம் பார்த்துக் கோல் வளைந்தது. "மாமா, திருகை விடுங்க, விடுங்க!" என்று அவர் கத்த, "வாங்க மருமகன், வந்து புடிங்க!" என்று நான் டிப்போக் குரலில் கத்த, தண்ணீருக்குப் பயந்த பிள்ளை இடுப்பளவு ஆற்றுக்குள் நின்றார். கொடுவாவைக் கரை வரைக்கும் கொண்டுவந்தோம், றம்ஸீன். கைக்கு எட்டுகிற தூரத்தில் பிளாஸ்டிக்கைத் துப்பிவிட்டுப் போயிற்று. நனைந்தபடி வீடு வரைக்கும் கத்திக் கத்தியே கதைத்துக்கொண்டு வந்தோம், ஒருவருக்கும் மெதுவாகக் கதைக்கத் தோன்றவில்லை. வாடகை வீடு வேண்டாம் என்று வழியிலேயே போன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

வீட்டு வாசலில் மீராசாஹிபு, "எங்க கொடுவா?" என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் மருமகன் இரண்டு கையையும் விரித்து, "மூணடி வாப்பா! முட்டையோட இரிந்த எண்டு மாமா பாவம் பாத்து விட்டுட்டார்" என்றார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு, "நாலடி" என்று திருத்தினேன். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. மீராசாஹிபுக்குப் போன் எடுக்காதே. பெட்டி இங்கேயே இருக்கட்டும், மருமகன் இடதுகைக்காரர், அவருக்குப் பொருத்தமான றீல் ஒன்று கெதியாக அனுப்பு, அடுத்த சனிக்கிழமையும் போகிறோம். உன் ராத்தா கேட்டால் பெரிய மீனைப் பிடித்து விடுவது உங்கள் நாட்டிலும் வழக்கம்தான் என்று சொல்லு. வீட்டுக்கு நாலடி. கனகரெத்தினத்துக்கு மட்டும் ஐந்தடி என்று சொல்லியிருக்கிறோம், குழப்பிவிடாதே.