இருபத்தாறு நாள் சபதம்

அன்று மாலை ஆறே கால் மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி ஒரு சேற்றுக்கால் என் குளியலறைக்குள் வரக் கூடாது. வந்தால் நான் மனுஷனே இல்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? என் மகள் ரக்பி ஆடுகிறாள். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஒருத்தி ஓட, மற்றவர்கள் அவளைக் கட்டிப்பிடித்துச் சேற்றில் உருட்டும் ஆட்டம். ஆடட்டும். ஆனால் மைதானத்தில் குளிக்க ஓர் அறை இல்லை. மைதானத்துக்கு எதிர்வீடு எங்கள் வீடு. ரக்பி சங்கத்தின் செயலாளர் என் மனைவி. பயிற்சி முடிந்ததும் பதினைந்து பெண்களும் நேராக என் குளியலறைக்குத்தான் வருவார்கள்.

நான் குடிநீர் வாரியத்தில் புகார் மேசையில் இருப்பவன். ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு வாளி வெந்நீருக்காக வீட்டுக்கு வருகிறவன். வந்தால் வெந்நீர் காலி. என் துண்டில் புல். என் சோப்பு நகம் அளவுக்குத் தேய்ந்திருக்கும். அன்று, எல்லோரும் 'புல்டோசர்' என்று கூப்பிடும் பெண், என் துண்டால் பந்தைத் துடைத்துக்கொண்டே, "அங்கிள், ஷாம்பூ தீந்துபோச்சு" என்றாள். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"அறை கட்டுற வரைக்கும் பொறுத்துக்கோங்க. நிதி திரட்டிக்கிட்டுதானே இருக்கோம்" என்றாள் மனைவி.

"ரெண்டு வருஷமா திரட்டுற! என்ன சேந்துது?"

"கதவு ஒண்ணு சேந்திருக்கு. மரக்கடைக்காரர் குடுத்தார்."

"அறையே இல்லாம கதவா?"

"கதவைப் பார்த்தாவது யாராவது சுவர் குடுக்க மாட்டாங்களா?"

இவளிடம் பேசிப் பயனில்லை. மறுநாள் அலுவலகத்தில் ஒரு பலகை எழுதினேன். 'குழாய் பழுது. மறு அறிவிப்பு வரை தண்ணீர் வராது.' கீழே அலுவலக முத்திரையையும் ஓங்கிக் குத்தினேன். முத்திரை இல்லாத அறிவிப்பை எவன் மதிப்பான்? அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் குளியலறை வால்வை இறுக மூடிவிட்டுப் பலகையைக் கதவில் மாட்டினேன்.

மனைவி எழுந்து வந்து படித்தாள். மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். என் பக்கம் ஒரு பார்வை.

"ஐயையோ. அப்ப நீங்க எங்க குளிப்பீங்க?"

அதை நான் யோசிக்கவில்லை. "குளிக்கலைன்னா செத்தா போயிடுவேன்?" என்றேன் வீறாப்பாக. அப்போதே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாலையில் வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்!"

"எதுக்கு?"

"பொண்ணுங்களுக்கு அறை கட்டி முடிக்கிற வரைக்கும் குளிக்க மாட்டேன்னு சபதம் எடுத்திருக்கீங்களாமே! உங்க வீட்டம்மா மைதானத்துல மைக்ல சொன்னாங்க. நீங்க குளிக்காத ஒவ்வொரு நாளைக்கும் நான் நூறு செங்கல் தர்றேன். இரும்புக்கடைக்காரர் ஒரு மூட்டை சிமெண்ட்!"

புயலாக உள்ளே நுழைந்தேன்.

"யாரைக் கேட்டுடி சபதம் எடுத்தே?"

"நான் எங்க எடுத்தேன்? நீங்கதான் குளிக்கலைன்னா செத்துப்போயிட மாட்டேன்னீங்க."

"இப்பவே குளிக்கப் போறேன். பார்த்துக்கிட்டே இரு!"

"குளிங்க. ஆனா குழாய் பழுதாச்சே?"

நான் கதவில் தொங்கிய பலகையைப் பார்த்தேன்.

"பழுது இல்லையா? அப்ப அந்த முத்திரை? உங்க மேலதிகாரிகிட்ட வேணா கேட்டுப் பார்க்கட்டுமா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு நீங்க கத்தினதும் புல்டோசர் குளிக்காமலே கிளம்பிட்டா. சேத்தோட ஏறக் கூடாதுன்னு கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறக்கிட்டான். நாலு மைல் நடந்து போயிருக்கா. இனிமே வரலைங்கிறா. அவளும் போயிட்டா பதினாலு பேரை வச்சுக்கிட்டு நான் என்ன அணி நடத்தறது?"

அந்தக் கண்டக்டர் மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் மேலும் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள், புகார் கொடுக்க வந்த ஒருவர் என் மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்று, "பரவால்ல சார், தண்ணி இல்லாம சமாளிச்சுக்கறேன்" என்று போய்விட்டார். பத்தாம் நாள் என் மேசையை வராந்தாவில் போட்டார்கள். பதினைந்தாம் நாள் மேலதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டே மைதானத்துக்கு இலவசக் குழாய் இணைப்பு கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். "சீக்கிரம் கட்டி முடிக்கச் சொல்லுய்யா!" கொத்தனார்கள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து உழைத்தார்கள். என் மேல் உள்ள பாசத்தால் அல்ல.

வீட்டில் மட்டும் எல்லோரும் கமகமவென்று இருந்தார்கள். மகளின் தலை ஈரமாக இருந்தது.

"எங்கேம்மா குளிச்சே?"

"அம்மா ஏற்பாடு பண்ணியிருக்காங்கப்பா" என்றாள், வாசற்படியில் நின்றபடியே. தையல்காரர் வீடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனிதரின் சோப்பை நினைத்துப் பரிதாபம்கூடப் பட்டேன்.

இருபத்தாறாம் நாள் திறப்பு விழா. அதே மேடையில் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது. அறை எழும்புவதைப் பார்த்து அணிக்குத் திரும்பியிருந்த புல்டோசருக்கு. கோப்பையை வாங்கிக்கொண்டு, "இனிமே பஸ்ல உக்காந்தே வீட்டுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அதற்காகவும் கோபம் வந்தது. எனக்கு ஒரு சோப்பும் துண்டும் கொடுத்து, புது அறையில் முதல் குளியலை நானே தொடங்கிவைக்க வேண்டும் என்றார்கள். முடியாது என்றேன். என் வீட்டில், என் வெந்நீரில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் குளிப்பேன்!

ஓட்டமாக வந்து வால்வைத் திறக்கக் குனிந்தேன். திறந்தே இருந்தது. குளியலறைக்குள் எட்டிப் பார்த்தேன். கால்மிதியில் ஈரம். சேறு. காய்ந்த சேறு அல்ல, அன்றைய சேறு.

மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"யார் திறந்தது?"

"நான்தான். நீங்க மூடின அன்னிக்கே, நீங்க ஆபீஸ் போனதும் திறந்துட்டேன். பயிற்சியையும் முன்னாடியே வச்சுட்டோம். நீங்க வர்றதுக்குள்ள எல்லாரும் குளிச்சிட்டுக் கிளம்பிடுவாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"ஒரு நாளாவது குழாயைத் திருகிப் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

எங்கள் அலுவலகத்தில் பலகை தொங்கினால் குழாயை யாரும் திருகிப் பார்ப்பதில்லை. இருபது வருடப் பழக்கம். இந்த இருபத்தாறு நாளில் என் குளியலறையில் குளிக்காத ஒரே ஆள் நான்தான்.