அடிக்கும், எடுக்காது

"கறுப்பா, நீலமா? அத மட்டும் சொல்லுங்கப்பா. மத்ததெல்லாம் நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவியின் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்திருந்தார்கள். டெஸ்பாட்ச் சாரின் வாய்க்குப் போன ரொட்டி பாதி வழியில் நின்றது. வேலை கிடைத்து வெளியூர் விடுதியில் தங்கியிருக்கும் மகள், முதல் சம்பளத்தில் அப்பாவுக்குப் புது போன் வாங்கித் தரப்போகிறாள். இப்படி ஒரு செய்தி வந்தால் எந்த அப்பனுக்கும் கண் கலங்கும். இவருக்கும் கலங்கியது. காரணம்தான் வேறு.

அவர் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். எந்த லாரியில் எத்தனை கட்டுப் பெட்டி ஏறியது, அது இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை "எங்க போச்சு?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றிப்போன மனிதர். இருபத்தைந்து வருடமாக எல்லோரும் டெஸ்பாட்ச் சார் என்று கூப்பிட்டுப் பழகி, கோபம் வந்தால் வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய போன் லாரி மேடையிலிருந்து கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் உயிர் இருந்தது. திரையின் கீழ்ப்பகுதி மட்டும் செத்துப்போயிருந்தது. யாராவது கூப்பிட்டால் எடுப்பதற்கான பச்சைப் பொத்தான் வருவது சரியாக அந்த இடத்தில்தான். ஆக, திரையின் மேலே வரும் பெயர்களைத் தொட்டு அவர் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். அவரை யார் கூப்பிட்டாலும் மணி அடிக்கும், எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் பேட்டரி கண்ணை மூடிவிடும்.

பார்ப்பவர்களுக்கு அது பழுது. அவருக்கு அது கும்பிடாமல் கிடைத்த வரம்.

மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் அவர் நேராக வீட்டுக்குப் போகமாட்டார். தொழிற்சாலைக்கு அடுத்த தெருவில் சாவி செய்பவர் ஒருவர் சின்னக் கடை வைத்திருந்தார். ஏழு மணி வரை இரண்டு பேரும் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவார்கள். சாவிக்காரர் பேசுவதே அபூர்வம். எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வந்தால் மட்டும் தொண்டையைச் செருமுவார். அந்த ஒரு மணி நேரத்தில் எது எங்கே போச்சு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒரு நாளில் அவர் உண்மையாகவே சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான். அதை ஒளித்து வைக்க அவர் பாடுபட்டதே இல்லை. எல்லாவற்றையும் போன் பார்த்துக்கொண்டது.

அதற்குத்தான் இப்போது மகள் வேட்டு வைக்கப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்கும்மா புதுசு? இதுவே நல்லாத்தான இருக்கு" என்றார்.

மனைவி நிமிர்ந்தாள். "நல்லாருக்கா? அப்ப நேத்து சாயங்காலம் நாலு தடவ கூப்பிட்டேனே, ஏன் எடுக்கல?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு வருடமாக உறைக்காத சிக்கல் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மாற்றத் தேவையில்லாத அளவுக்கு அது நல்ல போனாகவும் இருக்க வேண்டும். எடுக்க முடியாத அளவுக்குக் கெட்ட போனாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது?

சின்ன ரிப்பேர்தான், பண்ணிவிட்டால் சரியாகிவிடும் என்று சமாளித்தார். முதலில் ரிப்பேர் பண்ணித்தான் பார்க்கட்டுமே என்று மனைவி உடனே ஒத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. அதைத் தன் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார்.

அவள்மேல் அவருக்குப் பரிதாபமும் உண்டு. வரும் வழியில் காய்கறி வாங்கி வரச் சொல்லத்தான் அவள் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுவாள். இவர் எடுக்காததால் தினமும் எதிர்வீட்டு டீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவளே கிளம்ப வேண்டியிருந்தது. திரும்பி வர ஏழே கால் ஆகிவிடும். "உங்களால எனக்குத்தான் அலைச்சல்" என்று பையை வைப்பாள். பையில் பெரும்பாலும் நாலு தக்காளி இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல வெளியூரிலிருக்கும் அக்காவைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் பேச்சு அது. முதல் ஐந்து நிமிடம் அவளுடைய ரத்த அழுத்தம், அடுத்து இவருடைய முழங்கால். முழங்கால் விவரம் சூடுபிடிக்கிற நேரத்தில் பேட்டரி போய்விடும். சார்ஜ் ஏற்றி மறுபடி கூப்பிட்டால் அக்கா எடுக்கமாட்டாள். பாவம், குளிக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வார். இன்று புது போன் விஷயத்தையும், பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில் பழசை ரிப்பேருக்குக் காட்டப்போவதையும் சொன்னதும் அக்கா பதறினாள்.

"எதுக்குடா தம்பி? பழசுலதான்டா ராசி இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

சிக்கனத்தில் அக்கா யாருக்கும் இளைத்தவள் இல்லை என்று பெருமையாக இருந்தது அவருக்கு.

திங்கட்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலிருந்த ரிப்பேர் கடையில் ஏறினார். சும்மா பேருக்குக் காட்டிவிட்டு வருவதாகத்தான் எண்ணம். ரிப்பேர்காரர் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு போனை ஒரு திருப்புத் திருப்பினார். "டிஸ்ப்ளே ஒண்ணு, பேட்டரி ஒண்ணு. அரை மணி நேரம் உக்காருங்க சார், புதுசு மாதிரி ஆக்கிடறேன்" என்றார்.

தன் வாழ்க்கை இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று டெஸ்பாட்ச் சார் எதிர்பார்க்கவில்லை. அவசர வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்று போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மாலை வீட்டுக்கு வந்து, பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில் காட்டி ரிப்பேர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். மனைவி தன் போனை எடுத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவரைக் கூப்பிட்டாள். போன் அடித்தது. இவர் விரலை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். போன் அடித்து ஓய்ந்தது.

"புது பார்ட் போட்டிருக்கு. கொஞ்ச நாள் செட் ஆகணுமாம். அதுவரைக்கும் எடுக்க வேணாம்னு சொன்னாரு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது.

"அப்படியா? அப்ப அவசரப்படுத்தாதீங்க, மெதுவா செட் ஆகட்டும்" என்று மனைவி எழுந்து போய்விட்டாள். அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

மறுநாள் அலுவலகத்திலும் விஷயத்தைச் சொல்லும்படி ஆயிற்று. எங்கோ பெட்டி போய்ச் சேரவில்லை என்று வாடிக்கையாளர் கத்த, மேனேஜர் தன் போனில் வழக்கமான பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தார். "நான் அப்பவே டெஸ்பாட்ச்சுக்கு அடிச்சுட்டேன் சார். அவரு போன்தான் எடுக்க மாட்டேங்குது." டெஸ்பாட்ச் சார் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார். தன்னால் அந்த மனிதருக்கு எத்தனை கெட்ட பெயர் என்று மனம் கேட்காமல், இனி அந்தக் கஷ்டம் இருக்காது, ரிப்பேர் கடையில் காட்டியிருக்கிறேன், இல்லையென்றால் மகள் புதிதாகவே வாங்கிவிடுவாள் என்று ஆறுதல் சொன்னார். மேனேஜரின் முகம் தொங்கிப்போயிற்று. எந்தக் கடை என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை மகள் அம்மாவைக் கூப்பிட்டு, அப்பாவின் போன் சரியாகிவிட்டதா என்று விசாரித்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பாவும் பக்கத்தில் இருந்தார். அம்மாவுக்குப் பொய் வராது. சரியாகிவிட்டது என்கிறார், ஆனால் எடுக்கமாட்டேன் என்கிறது என்றாள். மகள் சிரித்துவிட்டு, அப்படியானால் போன் மட்டும் போதாது, கூடவே ஸ்மார்ட்வாட்சும் வாங்கிவிடுகிறேன் என்றாள்.

"போன் பைக்குள்ள இருந்தாலும் மணிக்கட்டுல அதிரும்ப்பா. வாட்ச்லயே பேசிக்கலாம். நீங்க எந்தத் தெருவுல இருக்கீங்கன்னு அம்மா வீட்டுலேருந்தே மேப்ல பாத்துக்கலாம்."

டெஸ்பாட்ச் சார் தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். லாரிகளுக்குக்கூட அந்தக் கதி இன்னும் வரவில்லை.

"மேப்ல ஒரு பக்கம்தான் தெரியுமா, ரெண்டு பக்கமுமா?" என்று மனைவி கேட்டாள்.

"குடும்பம் மொத்தமும் தெரியும்மா. நீ எங்க இருக்கன்னு அப்பாவும் பாக்கலாம்."

மனைவி, சரி வை என்று பேச்சை முடித்துவிட்டாள். அன்று மாலை தக்காளி வரவில்லை.

இனி பொய் உதவாது, தத்துவம்தான் உதவும் என்று வியாழக்கிழமை முடிவுக்கு வந்தார். மகளைக் கூப்பிட்டு, மனிதன் தேவையைக் குறைக்கக் குறைக்கத்தான் உயர்கிறான் என்று ஆரம்பித்தார். தனக்கென்று ஒரு பொருளுக்கும் ஆசைப்பட்டதில்லை, நாலு சட்டையும் ஒரு ஜோடிச் செருப்பும் போதும், உள்ளது போதும் என்பவனுக்கு எந்நாளும் குறையில்லை என்று ஒன்பது நிமிடம் பேசினார். பேசப் பேச அவருக்கே அது உண்மை என்று தோன்றியது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்கு எல்லாத்தையும் வாங்கிக் குடுத்துட்டு, உங்களுக்குன்னு ஒண்ணுமே வாங்கிக்கலயேப்பா" என்று அழுதாள் மகள். அதோடு பேட்டரி போயிற்று.

கால் மணி நேரத்தில் மனைவியின் போனுக்குச் செய்தி வந்தது. இருப்பதிலேயே உயர்ந்த ரகம், வாட்சோடு சேர்த்து ஆர்டர் போட்டாகிவிட்டது; திங்கட்கிழமை வீட்டுக்கு வரும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

வெள்ளிக்கிழமை சதுரங்கத்தில் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றார். சாவிக்காரர் தொண்டையைச் செருமிச் செருமி இருமலே வந்துவிட்டது. மனம் தாங்காமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். சாவிக்காரர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "குதிரை மேல கைய வெச்சிட்டீங்க. ஆடித்தான் ஆகணும்" என்றார்.

அங்கிருந்தபடியே மகளைக் கூப்பிட்டார். கடைசி முயற்சியாக, இனி பழைய போனில் ஒரு குறையும் இருக்காது, ரிப்பேர்காரரே உறுதி சொல்கிறார் என்றார். மகளின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. அவளுடைய போனே படிக்கும் காலத்தில் வாங்கியது. கண்ணாடி விரிசல் விட்டு ஒரு வருடமாகிறது. அது ஞாபகம் வந்ததும் அவருக்கு நெஞ்சு உறுத்தியது. தன்னுடைய உடைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் புதிது தேடுகிற பெண்ணிடம் இந்த நாடகமா என்று இருந்தது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தை விட மனம் வரவில்லை.

கடைசியில் மகள் ஒரு நிபந்தனை வைத்தாள். நாளை மதியம் ஒரு மணி வரை ஆர்டரை ரத்து செய்யலாம். அதற்குள் ரிப்பேர்காரரே அவளிடம் பேச வேண்டும். பழைய போன் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று அவர் வாயால் சொன்னால் ரத்து செய்துவிடுவாள்.

சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு டெஸ்பாட்ச் சார் ரிப்பேர் கடையில் நின்றார். கடையில் வேறு யாரும் இல்லை. வெயில் அதிகம் என்றார். இந்தத் தொழிலில் கண்ணுக்குச் சிரமம்தானே என்றார். மணி பன்னிரண்டு நாற்பது ஆனது. அதற்குமேல் மானத்தைப் பார்த்தால் நேரம் போய்விடும் என்று, தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டார்.

"என் பொண்ணுகிட்ட, போன் நல்லா இருக்குன்னு சொல்லணும். ஆனா நீங்க அத சரி பண்ணிடக் கூடாது."

ஏன் எதற்கு என்று ரிப்பேர்காரர் கேட்கவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நம்பரைக் கேட்டு வாங்கி, தன் போனிலிருந்தே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பாவோட போனாம்மா? பாத்துட்டேன். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அது பக்கமே போக வேண்டியதில்ல."

"மணி நல்லா அடிக்குமா?" என்றாள் மகள்.

"அடிக்கிறதுல ஒரு குறையும் சொல்ல முடியாதும்மா."

பயிற்சி எடுத்தவர் மாதிரி அவர் பேசியது டெஸ்பாட்ச் சாருக்கே ஆச்சரியமாக இருந்தது. மகள் சற்று யோசித்துவிட்டு, சரி, ரத்து செய்துவிடுகிறேன் என்றாள்.

"அந்தப் பணத்துல உனக்கு ஒரு நல்ல போனா வாங்கிக்கோம்மா. உன் குரல் தெளிவா கேட்டாலே எனக்குப் போதும்" என்றார் அவர். அந்த வாரத்தில் அவர் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். மகள் சரிப்பா என்றாள். அவள் சிரிப்பதும் கேட்டது.

டெஸ்பாட்ச் சார் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆறு நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த லோடு இறங்கியது போலிருந்தது. இன்று சாயங்காலம் சாவிக்காரரின் ராணியை எப்படி மடக்கலாம் என்றுகூட யோசனை ஓடியது. ஒன்றுதான் மனதை அரித்தது.

"எனக்காக உங்களப் பொய் சொல்ல வெச்சிட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார்.

ரிப்பேர்காரர் லென்ஸை மறுபடி கண்ணில் மாட்டிக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். அந்த போன்ல கை வெச்சிடாதீங்கன்னு உங்க வீட்டம்மா செவ்வாக்கிழமையே வந்து சொல்லிட்டாங்க, உங்க மேனேஜர் புதன்கிழமை வந்தாரு, உங்க அக்கா நேத்து நம்பரத் தேடிப் பிடிச்சு போன்லயே சொல்லிட்டாங்க; நீங்கதான் லேட்டு."