மீன் ஐஸில் வளர்ந்த ஊட்டிக் கொடி

சிலர் ஆசைக்குச் செடி வளர்ப்பார்கள். சிலர் டாக்டர் சொன்னாரென்று வளர்ப்பார்கள். நான் வாய்க்கொழுப்பினால் வளர்த்தேன்.

கல்யாணமான புதிதில் நானும் ஸ்டெல்லாவும் ஊட்டிக்குப் போயிருந்தோம். தங்கிய விடுதியின் வாசல் வளைவில் ஒரு கொடி படர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூக்களாகப் பூத்திருந்தது. கிளெமாட்டிஸ் என்றார் தோட்டக்காரர். ஸ்டெல்லா அதன் அடியிலிருந்து நகரவே இல்லை. "நம்ம பால்கனில இதைப் பூக்க வெச்சுக் காட்டறேன் பாரு" என்றேன். (ராயபுரத்தில், இரண்டாம் மாடியில், கன்டெய்னர் லாரிப் புகையில்! புது மாப்பிள்ளைகளைப் பேசவே விடக்கூடாது.)

தோட்டக்காரர் ஒரு நாற்றைக் கொடுத்து, "தலை வெயில்ல இருக்கலாம் சார். வேரு மட்டும் குளுகுளுன்னு இருக்கணும்" என்றார்.

பனி இருந்தவரை கொடி கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒழுங்காக ஏறியது. எதிர்வீட்டு மேரி அக்காவுக்கு மட்டும் அதன் பெயர் வாயில் நுழையவில்லை. தினமும், "இன்னா தம்பி, கிளி மாட்டிச்சா?" என்று கேட்பார். மாசி வெயில் ஏறியதும் இலை ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் என் நண்பன் பஷீரிடம் ஓடினேன்.

"மாமு, மீனுக்கே ஐஸ் பத்தல, நீ செடிக்குக் கேக்குற! எறா பொட்டியில மிச்சம் கீது, எத்துகினு போ."

தினமும் காலையில் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஐஸைக் கொட்டி, அதற்குள் தொட்டியை வைத்து, பால்கனிச் சுவர்மேல் ஏற்றினேன். வேருக்குக் குளிர்ச்சி, தலைக்கு வெயில். வீட்டுக்குக் கவுச்சி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்டெல்லாவின் அப்பா பெரம்பூர்க்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பம் மீன் ஏலத்தில் பிழைத்த குடும்பம். "மீன் வாடை அடிக்கிற வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்" என்று கடைசிவரை நின்றவர். கல்யாணத்துக்கு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பங்குனியில் ஒரு மொட்டு வந்தது. ஒரே ஒரு மொட்டு. ஸ்டெல்லா சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் செய்ய, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா வருவதாகப் பதில் வந்தது. எங்கள் வீட்டுப் படியை அவர் மிதிப்பது அதுதான் முதல் தடவை.

அன்று காலை வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் வரும்போது பூ விரிந்திருக்க வேண்டுமென்று டப் வழிய வழிய ஐஸைக் கொட்டினேன். பதினொரு மணிக்கு எல்லாம் உருகி, இறால் தலைகள் மேலே மிதந்தன. தெருவிலிருந்த மூன்று பூனைகளும் சன்ஷேட் வழியாக வந்து சேர்ந்தன.

வெள்ளைச் சட்டையில், கையில் கேக் பெட்டியோடு மாமனார் கீழே வந்து நின்றார்.

"வாங்க மாமா!" என்று எட்டிப் பார்த்தேன். அதே சமயம் ஒரு பூனை டப்புக்குள் கையை விட்டது. விரட்டத் திரும்பினேன். முழங்கை இடித்து, டப்பும் தொட்டியும் சேர்ந்து சாய்ந்தன. எதைப் பிடிப்பது என்று யோசிக்க அரை நொடி கிடைத்தது. தொட்டியைப் பிடித்தேன்.

டப் முதல் மாடி சன்ஷேடில் சிக்கி நின்றுவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை.

"ஐயையோ! பெர்யவரு மேல இன்னாத்த ஊத்துன தம்பி?" என்று மேரி அக்கா அலறினார். பூனைகள் என்னைக் கைவிட்டு மாமனாரிடம் ஓடின.

அவர் சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தார். ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தாள். நான் தொட்டியை இடுப்பில் குழந்தைபோல் வைத்தபடி நின்றேன்.

"என்ன இது?"

"செடிக்கு ஐஸ், மாமா."

"செடிக்கு எதுக்கு ஐஸ்?"

அழுகைக்கு நடுவே ஸ்டெல்லாதான் எல்லாவற்றையும் சொன்னாள்: ஊட்டி, வாசல் வளைவு, நான் கொடுத்த வாக்கு, தினமும் காசிமேட்டுக்கு நடந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் விரலை விட்டு, முதலில் ஒரு இறால் தலையை எடுத்துப் போட்டார். அடுத்து வந்தது, காம்போடு ஒடிந்து விழுந்திருந்த மொட்டு.

"இதுக்கா மாப்ள இவ்ளோ பாடு?" என்றார்.

மாப்ள! ஸ்டெல்லா அழுகையை நிறுத்திவிட்டாள். நான் ஆரம்பித்துவிட்டேன்.

அவர் மூன்று முறை குளித்து, என் லுங்கியைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டார். மொட்டை ஸ்டெல்லா ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை விரிந்தது. ஊட்டிப் பூவில் பாதிகூட இல்லை. கொடி சித்திரை வெயிலில் காய்ந்துபோனது.

மாமனார் இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறார். எங்கள் கட்டடத்துக்குப் பத்தடி முன்னால் நின்று, எந்த வெயிலிலும் குடையை விரித்துக்கொண்டு, மாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படியேறுவார். கூட வரும் மாமியாரும் அந்தக் குடைக்குள்ளேயே வருவார். இதைப் பார்த்தே வளர்ந்த எங்கள் மகளுக்கு நான்கு வயது. போன வாரம் ஸ்டெல்லாவின் தோழி வீட்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்று ஒரே அழுகை.

"குடை எடுத்துகினு வரலியேம்மா, எப்படி உள்ள போறது?"