நலுபேகாவின் அப்பாவும் பின்வாசலும்

"விசில் அடிச்சாச்சு, எல்லாரும் எழுந்து வெளிய போங்கப்பா!" என்று வலுசிம்பி மூன்றாவது முறையாகக் கத்தினார். கொட்டகையில் ஒரு தலைகூட அசையவில்லை.

"யாருண்ணே அது, படத்தை மறைக்காதீங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், தீப்பிடிச்சிருக்குடா!"

"எங்க?"

"எங்கயும் இல்ல. பிடிச்ச மாதிரி வச்சுக்கணும். ஒத்திகை."

"அப்ப நாங்க வெளிய போன மாதிரி வச்சுக்குங்க. உட்காருங்கண்ணே!"

வாசலில் தீயணைப்பு அதிகாரி அடோங் அம்மாள் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். விசில் அவர் கழுத்தில் தொங்கியது. அவர் விதித்த நிபந்தனை எளிமையானது: அந்தத் தேநீரை அவர் குடித்து முடிப்பதற்குள் கொட்டகை காலியாக வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. வலுசிம்பிக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். கோழிப்பண்ணை வைத்துப் பார்த்தார். கோழிகள் ஒத்துழைக்கவில்லை.

கலெர்வே சந்தைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த வீடியோக் கொட்டகை அவருடையது. கௌரவமான பெண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அதனாலேயே போன வியாழக்கிழமை சீருடையில் ஓர் அம்மாள் உள்ளே நுழைந்தபோது பாதிக் கூட்டம் தன் மனைவிதானோ என்று பயந்து குனிந்துகொண்டது. ஒரே வாசல், அதிலும் ஒரு கனத்த திரை என்பதைப் பார்த்த அடோங் அம்மாள், "நெருப்புப் பிடிச்சா இத்தனை பேரும் எந்த வழியா போவாங்க?" என்று கேட்டார்.

"வந்த வழியாத்தான் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. எனவே வலுசிம்பி சுவரை இடித்துப் பின்வாசல் வைத்தார். வைத்த பிறகுதான், கதவைத் திறந்தால் நேராகத் தன் மனைவி நபோசாவின் சப்பாத்திக் கடை வருகிறது என்பது தெரிந்தது.

"நெருப்புக்குப் பயந்து ஓடி வர்றவன் என் கரி அடுப்புல வந்து விழணுமா?" என்று கேட்டாள் நபோசா. அடுப்பைப் பலாமரத்தடிக்கு மாற்றிக் கொடுக்கும்வரை அவள் அவரோடு பேசவில்லை. அந்த வகையில் அது கொஞ்சம் நிம்மதியான காலம்தான்.

இப்போது இரண்டு வாசல் இருந்தது. போகத்தான் ஆளில்லை. எழுந்தால் பெஞ்சில் இடம் போய்விடும், அது கலெர்வேயின் சட்டம். மேலும் அன்று ஓடிக்கொண்டிருந்தது வியாழன்தோறும் ஒரு பாகம் போடும் பிலிப்பைன்ஸ் தொடர். கதாநாயகியின் உண்மையான அப்பா யார் என்பது யாருக்கும் தெரியாது. கன்னத்தில் தழும்போடு அவள் வீட்டைச் சுற்றிவரும் திருடன் எதற்கு வருகிறான் என்பதும் தெரியாது. அவளுடைய பெயர்கூட யாருக்கும் தெரியாது. 'நலுபேகா' என்பது கயெம்பா வைத்த பெயர். கயெம்பாதான் கொட்டகையின் வி.ஜே. ஒலியைக் குறைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து, கதையை உள்ளூர் லுகாண்டா மொழியில் சொல்லிக்கொண்டே போவான். படத்தில் இல்லாததையும் சொல்வான். முன்வரிசையில் தூங்குபவனைப் பெயர் சொல்லித் திட்டுவான். அவன் வாய்க்குத்தான் கூட்டம்.

வலுசிம்பி அவனிடம் ஓடினார். "தம்பி, நீ சொல்லுடா. நீ சொன்னாத்தான் கேப்பாங்க."

கயெம்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நெருப்பு! நெருப்பு! எல்லாரும் ஓடுங்க!"

அந்த நேரம் பார்த்துத் திரையில் நலுபேகாவின் மாமியார் அடுப்பங்கரையில் நின்றிருந்தாள். கொட்டகை கைதட்டலில் அதிர்ந்தது.

"கிழவி மட்டோகே வாழைக்காயைக் கருக்கிட்டாடா!"

"நெசமாத்தான் சொல்றேன், இது படத்துல இல்ல!" என்று கதறினான் கயெம்பா.

"படத்துல இல்லையாம்!" என்று கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. ஒருவன் ரசித்துப்போய் விசிலடித்தான். அது அடோங் அம்மாளின் விசிலைவிட நன்றாக இருந்தது.

தேநீர் தீர்ந்தது. "தேறல மிஸ்டர் வலுசிம்பி."

"பூட்டிடாதீங்க மேடம். குடும்பஸ்தன்."

"அடுத்த வியாழன் இன்னொரு தடவை பாப்போம். இப்ப படம் முடிஞ்சு கூட்டம் இயல்பா எப்படி வெளிய போகுதுன்னு நான் கவனிக்கணும்." முன்பெஞ்சில் இடம் ஒதுக்கச் சொல்லி, கடைசிவரை நிமிர்ந்து உட்கார்ந்து கவனித்தார். என்ன கடமையுணர்ச்சி என்று வலுசிம்பி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அவர், "அந்தத் தழும்புக்காரனை எனக்குப் பிடிக்கல. ஏதோ திட்டத்தோட இருக்கான்" என்றார்.

"ஆமா மேடம், டிக்கெட் எடுக்காமத்தான் உள்ள வர்றான்" என்றார் வலுசிம்பி, பயத்தில்.

அந்த வாரம் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். விசில் கேட்டதும் பின்வாசல் வழியாக வெளியே வருகிறவர்களுக்கு நபோசாவின் கையால் ஒரு சப்பாத்தி இலவசம்.

"மாவு யார் வீட்டுப் பணம்?" என்றாள் நபோசா.

"கொட்டகை போச்சுன்னா நம்ம வீடே இல்லடி."

வியாழக்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. படம் பார்த்தறியாத கறிக்கடைக்காரர்கள், பைக் ஓட்டிகள், தேவாலயப் பாடகர் குழுவில் பாதி என்று எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் திரையைப் பார்த்து உட்காரவில்லை. பின்வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். விசில் ஊதியதும் மொத்தக் கூட்டமும் ஒரே கதவில் பாய்ந்தது.

முதலில் வலுசிம்பிக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தார், கூட்டம் குறையவே இல்லை. பின்வாசல் வழியாகப் போனவன் சப்பாத்தியை வாயில் திணித்துக்கொண்டு, கொட்டகையைச் சுற்றி ஓடி, முன்வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்துகொண்டிருந்தான்.

"நெருப்புக்குள்ள திரும்பி வர்ற ஜனத்தை இப்பதான் பாக்குறேன்" என்றார் அடோங் அம்மாள்.

நெரிசலில் செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவர் வாசற்படியில் விழுந்துவிட்டார். வலுசிம்பி நாலு பேரை இடித்துத் தள்ளி அவரைத் தூக்கினார். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் வலுசிம்பி அவர் கையை விடவே இல்லை.

"தேறல" என்றார் அடோங் அம்மாள். "அடுத்த வியாழன். புகை வந்தா எந்தப் பக்கம் போகும்னு உள்ள உட்கார்ந்து பாக்கணும். படத்தைப் போடச் சொல்லுங்க."

கூட்டம் கலைந்த பிறகு வலுசிம்பி காலிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பூட்டினாப் பூட்டட்டும் நபோசா. சும்மா ஒத்திகைக்கே கிழவர் விழுந்துட்டாரு. நெசமாவே ஒரு நாள் பிடிச்சா? எல்லாரும் நம்ம ஜனம்டி." இத்தனை வருடத்தில் பெஞ்சில் இருப்பவர்களை அவர் டிக்கெட்டாகத்தான் எண்ணியிருந்தார்.

நபோசா பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவங்க உட்கார்ந்திருக்கிறது பெஞ்சுக்காகவா? சப்பாத்திக்காகவா? இந்தக் கயெம்பா வாய்க்காக. அந்த வாயைத் தூக்கிக்கிட்டு முதல்ல வெளிய போங்க. பின்னாலயே வருவாங்க."

வலுசிம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இவள் ஏன் அதிகாரியாகவில்லை என்று தோன்றியது. வீட்டில் ஏற்கெனவே அந்தப் பதவியில்தான் இருக்கிறாள் என்பது அப்புறம் நினைவுக்கு வந்தது.

அடுத்த வியாழன், தொடரின் கடைசிப் பாகம். சந்தையில் எலி மருந்து விற்பவரிடம் கைஒலிபெருக்கி இரவல் வாங்கியாயிற்று. இறந்துபோன அம்மாவின் பெட்டியை நலுபேகா திறக்கப் போகிற நேரம். அடோங் அம்மாள் தேநீர்க் கோப்பையோடு முன்பெஞ்சில் இருந்தார். ஊதுவதா வேண்டாமா என்று தயங்கியதுபோலிருந்தது. பிறகு ஊதினார்.

மைக் அணைந்தது. ஒலிபெருக்கி உயிர்பெற்றது.

"சொந்தக்காரங்களே! பெட்டிக்குள்ள ஒரு கடுதாசி. அதுல அப்பன் பேரு இருக்கு. அதை நான் பலாமரத்தடியிலதான் படிப்பேன்! கடைசி வரிசை முதல்ல. ஒருத்தரை ஒருத்தர் தள்ளினா அவ அப்பன் யாருன்னு நான் சாகிறவரைக்கும் சொல்ல மாட்டேன்!"

சொல்லிக்கொண்டே கயெம்பா பின்வாசல் வழியாக நடந்தான். கூட்டம் எழுந்தது. கடைசி வரிசை, அதற்கு முன்வரிசை என்று இரண்டு வாசலிலும் பிரிந்து, மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் நடந்தது. ஒருவன் முந்தப் பார்த்தபோது நாலு பேர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். செருப்புத் தைக்கும் கிழவரை இரண்டு பைக் ஓட்டிகள் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள்.

மரத்தடியில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கயெம்பா கையை உயர்த்தினான். "நலுபேகாவைப் பெத்த அப்பன் யாருன்னா..." உணர்ச்சிவேகத்தில் அவன் விரல் விளம்பரம் பதிந்திருந்த பொத்தானில் பட்டுவிட்டது. "எலி, கரப்பான், மூட்டைப்பூச்சி, எல்லாத்துக்கும் ஒரே மருந்து!"

"ஐயோ, அதை அணைச்சுத் தொலைங்க!" என்ற குரல் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது. அது அடோங் அம்மாளுடையது.

"...தழும்புக்காரன்!" என்றான் கயெம்பா.

கூட்டம் மொத்தமாகப் பெருமூச்சு விட்டது. மகளுக்காகத்தான் அவன் அத்தனை வருடம் திருடன் பட்டம் சுமந்தானாம். கறிக்கடைக்காரர் ஒருவர் விசும்பினார். அடோங் அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுப்புப் புகை" என்றார். அன்று நபோசா அடுப்பே பற்ற வைக்கவில்லை.

வலுசிம்பி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். பெஞ்சுகள் மட்டும் இருந்தன. அடோங் அம்மாளின் கோப்பையில் முக்கால்வாசித் தேநீர் ஆறிப்போய் அப்படியே இருந்தது.

"தேறிட்டீங்க மிஸ்டர் வலுசிம்பி. இவ்வளவு அழகா ஒரு கூட்டம் வெளியேறி நான் பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சியபடி ஜீப்பை நோக்கி நடந்தார்.

வலுசிம்பி நபோசாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். எல்லோர் முன்னாலும் அவர் அப்படிச் செய்ததில்லை. நபோசாவும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

அப்போது ஜீப் ஓட்டுநர் ஓபொல் திரும்பி வந்தான். வியாழன்தோறும் வண்டியிலேயே தூங்கிக்கிடந்த அவன் வாய் திறந்து பேசி அன்றுதான் கேட்டார்கள்.

"ஐயா, அடுத்த தொடர் எந்த வியாழன் ஆரம்பிக்கிறீங்கன்னு மேடம் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அதுக்குள்ள உங்க முன்வாசல்ல அவங்க ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்கணுமாம்."