துளசிக்கு மருந்து கேட்கப் போன துவாதசி

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. வாடிப்போன துளசிக்கு மருந்து கேட்டு வருவது.

வெள்ளிக்கிழமை என் பெரிய பெண் நாகர்கோவிலிலிருந்து பிரசவத்துக்கு வருகிறாள். பிள்ளைத்தாச்சி நுழையும்போது முற்றத்தில் துளசி காய்ந்து நின்றால் நன்றாகவா இருக்கும்? நானும் வேண்டாத தெய்வமில்லை. துளசி நிமிரவில்லை.

"தோட்டக் கிளப்பிலே கோடைக் கூட்டமாம். செடிக்கெல்லாம் யோசனை சொல்வாளாம். போயிட்டு வாயேன்" என்றான் மூத்தவன்.

ஆபீஸ் போகிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் அசடு நான். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜட்கா வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் குடையைத் துளசிக்குப் பிடித்தேன். என் தலை வெந்தது.

"அம்மே, செடிக்கு ஜுரமோ?" என்றான் வண்டிக்காரன்.

கிளப்பின் தலைவர் பென்ஷன் வாங்கும் இன்ஜினீயர். மேஜைமேல் அவருடைய ரோஜாத் தொட்டி. அதில் ஒரே ஒரு பூ. "இந்தச் சூட்டிலே இந்த ஊரிலே வேறே யார் வீட்டிலாவது பூத்திருக்கா?" என்று மூன்று தரம் கேட்டார்.

பிறகு யோசனை.

"கோடையிலே செடிக்குத் தண்ணீர் அவசியம்!"

கைதட்டல்!

"வேரைச் சருகாலே மூடணும்!"

இன்னும் பலத்த கைதட்டல்! எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் இதைச் சொன்னால் பசுமாடுகூடத் திரும்பிப் பார்க்காது.

பக்கத்தில் ஒரு பட்டுப்புடவைக்காரி. "என் குரோட்டன்ஸ் செடி வெயில் தாங்காது மாமி. ரேடியோ இருக்கிற அறையிலேதான் வச்சிருக்கேன்."

"பாட்டு கேட்குமோ?"

"கேட்கும்" என்றாள், சிரிக்காமல்.

இரண்டு மணி நேரம் கழித்து என் முறை வந்தது. தலைவர் துளசியை ஒரு பார்வை பார்த்தார். "நுனியை நறுக்கினால் துளிர்த்துடும்!" என்று கத்தரியை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருமாளே! காலையில்தானே ஏகாதசி விரதம் முடித்தேன்? துவாதசியில் துளசியை நகத்தால்கூடக் கிள்ளக் கூடாது. அந்த நாளாகப் பார்த்து, கத்தரிக்காரர்கள் கூட்டத்துக்கே தூக்கி வந்திருக்கிறேன்!

"ஐயோ, இன்னிக்கு துவாதசி!" என்று பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

கத்தரி விலகிப் போய் 'நறுக்'கென்று மூடியது. ரோஜா மேஜைமேல் விழுந்தது.

"ஒரே பூ! ஒரே பூ!" என்று தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "துவாதசியாம் துவாதசி! இந்த அம்மாளை யார் உள்ளே விட்டது?"

குரோட்டன்ஸ்காரி ரோஜாவுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் துளசியை ஒரு கையிலும், வீணாவானேன் என்று ரோஜாவை மறு கையிலுமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் செடிக்குத் தண்ணீர் விடுகிற கிழவர் தொட்டி மண்ணை முகர்ந்து பார்த்தார்.

"அம்மே, இதிலே பால் ஊத்தறதுண்டோ?"

"தினமும் அபிஷேகம். வாடினதிலேர்ந்து ரெண்டு வேளை" என்றேன் பெருமையாக.

"அதாக்கும். மண்ணு புளிச்சு வேரு அழுகுது. மண்ணை மாத்துங்கோ. தண்ணி மட்டும் போதும்."

அத்தனை பெரிய மனுஷர்களில் ஒருவரும் மண்ணைப் பார்க்கவில்லை. நானோ பக்தியாலேயே துளசியைக் கொன்றுகொண்டிருந்தேன்!

ரோஜா அன்று சாயங்காலம் எங்கள் கிருஷ்ணன் படத்துக்கு ஏறியது. மறுநாளே தொட்டி மண்ணை மாற்றினேன்; பாலையும் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை பெரியவள் வந்தபோது துளசியில் நாலு தளிர்.

"கிளப்புக்கெல்லாம் போனியாமே அம்மா! அங்கே என்ன கிடைச்சுது?"

"ஒரு ரோஜா. தலைவரே தன் கையாலே நறுக்கிக் கொடுத்தார்."